மொட்டை மாடியில் தைலமரம், ஜன்னலில் கள்ளி: நாலு வருஷ அனுபவம்

2021 அக்டோபரில் இரண்டையும் ஒரே வாரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சைதாப்பேட்டையில் இரண்டாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. யூகலிப்டஸ் கன்று ஊட்டியிலிருந்து வந்தது. கள்ளியைத் தள்ளுவண்டிக்காரரிடம் 120 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டுமே வறட்சி தாங்கும், வேலைக்குப் போகிறவளுக்குத் தொந்தரவு இருக்காது என்று கணக்குப் போட்டேன். கள்ளியில் கணக்கு பாதி சரி. தைலமரத்தில் முழுக்கத் தப்பு.

ஊட்டிக் கன்று பார்க்க அவ்வளவு அழகு. காம்பே இல்லாத உருண்டை இலைகள் எதிரெதிராக, சாம்பல் பூசிய நீல நிறத்தில். ஆனால் நீலகிரியில் நிற்பது குளிருக்கான வகை. 2022 மே மாதம் அக்கினி நட்சத்திரம் முடிவதற்குள் அடியிலிருந்து நுனிவரை காய்ந்துவிட்டது. நிழலுக்கு நகர்த்தினேன், தண்ணீர் தெளித்தேன், ஒன்றும் எடுபடவில்லை. சென்னையில் வைக்க ஆசைப்பட்டால் காகித ஆலைக்காக வயல்களில் நடுகிறார்களே, அந்தச் சமவெளி வகையைக் கேட்டு வாங்குங்கள். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு நர்சரியில் 20 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆகஸ்டில் ஒரு அடி உயரத்தில் வந்தது, பொங்கலுக்கு என் தோளைத் தொட்டது.

தைலமரம் வறட்சி தாங்கும் என்பது தரையில் நிற்கும் மரத்துக்குத்தான் பொருந்தும். அங்கே வேர் தானே இறங்கித் தண்ணீரைத் தேடிக்கொள்ளும். தொட்டியில் நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காலையில் ஒரு வாளி ஊற்றினால் பதினோரு மணிக்கே கொழுந்து தலையைத் தொங்கப்போட்டுவிடும். இன்னொரு வாளி ஊற்றினால் அரை மணியில் நிமிரும். இரண்டு நாள் தவறினால் இலை ஓரம் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று ஆகிவிடும், அது திரும்பப் பச்சையாகாது. லாரித் தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடியிருப்பில் இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "வீட்ல ஒரு ஆள் கூடுன மாதிரி இருக்கு" என்றார் கணவர்.

மாடிக்கு நிழல் கிடைக்கும் என்று நினைத்தேன். வளர்ந்த இலைகள் அரிவாள் மாதிரி வளைந்து, வெயிலுக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு செங்குத்தாகத் தொங்கும். நிழல் என்ற பெயரில் தரையில் நாலு கோடுதான் விழும். கொசு வராது என்றும் சொன்னார்கள். இலையைக் கசக்கினால்தான் வாசனையே வரும், சும்மா நிற்கும் மரத்தைப் பற்றிச் சைதாப்பேட்டைக் கொசுவுக்குக் கவலையே இல்லை. உருப்படியான பலன் ஒன்றே ஒன்று. சளி பிடித்தால் அத்தை பத்து இலையைப் பறித்துக் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பார்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கதை முடிந்தது. அப்போது மரம் சின்டெக்ஸ் தொட்டியின் தலையை எட்டியிருந்தது. காற்றில் சாய்ந்து, சிமெண்ட் தொட்டி இரண்டாகப் பிளந்துவிட்டது. உள்ளே மண்ணே இல்லை என்று சொல்லலாம். சும்மாடு சுற்றி வைத்த மாதிரி வேர் வளையம் வளையமாகச் சுருண்டிருந்தது. ஊற்றிய தண்ணீரெல்லாம் ஏன் ஒரு மணி நேரம்கூடத் தங்கவில்லை என்பது அன்றுதான் புரிந்தது. சுருண்ட வேரை வெட்டி, தண்டையும் முட்டியளவுக்கு நறுக்கி, மதுராந்தகம் பக்கத்தில் மாமாவின் நிலத்துக்கு அனுப்பினேன். "கிணத்துப் பக்கம் மட்டும் வேணாம்மா" என்று சொல்லி வரப்போரம் நட்டார். வெட்டிய இடத்திலிருந்து மூன்று கிளை வெடித்து வந்தது. புதுக் கொழுந்தின் நடு நரம்பில் குளவி முட்டையிட்டுக் கட்டி கட்டியாக வீங்கியது, அதையும் தாண்டி நிற்கிறது.

இப்போது கள்ளி. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கீறினால் பால் வடியும் திருகுகள்ளி, சதுரக்கள்ளி எல்லாம் வேறு குடும்பம். நான் சொல்வது அமெரிக்காவிலிருந்து வந்த இனம், நம் ஊர் சப்பாத்திக்கள்ளியின் சொந்தம். ஒவ்வொரு முள் கொத்துக்கும் அடியில் பஞ்சு மாதிரி ஒரு சின்ன மெத்தை இருக்கும், அதுதான் அடையாளம். பச்சைத் தண்டின்மேல் சிவப்புப் பந்து வைத்து விற்பது ஒட்டுச்செடி. பந்தில் பச்சையமே கிடையாது, கீழே இருக்கும் செடிதான் அதற்குச் சோறு போடுகிறது. அதிக வருஷம் வராது.

முதல் ஆறு மாதம் டிவி பக்கத்தில் வைத்தேன். உருண்டையாக இருந்தது வெளிச்சம் தேடி வெளிறி, நுனி பேனா மாதிரி கூம்பிவிட்டது. பதறிப்போய் நேராக மே மாத மாடி வெயிலில் வைத்தேன். நாலே நாளில் ஒரு பக்கம் வெந்து வெள்ளைத் தழும்பானது. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. கிழக்கு ஜன்னலுக்கு மாற்றிய பிறகுதான் ஒழுங்காக வளர்ந்தது.

அதற்கு வெயிலைவிட ஐப்பசி, கார்த்திகைதான் கண்டம். காற்றே ஈரமாக இருக்கும்போது மண் காயவே காயாது. இது தெரியாமல் அத்தை, "பாவம், பச்சத் தண்ணிகூட ஊத்தமாட்டேங்கிறியேம்மா" என்று துளசிக்கு ஊற்றும்போது இதற்கும் தினம் ஒரு டம்ளர் ஊற்றிவந்தார். 2022 நவம்பரில் அடிப்பகுதி டீ நிறத்துக்கு மாறியது. விரலால் அழுத்தினால் கனிந்த சப்போட்டா மாதிரி உள்ளே போனது. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, அடியிலிருந்து துண்டு துண்டாக அறுத்தேன். நடுவில் வட்டமாக ஓடும் நரம்பில் பழுப்பு துளிகூடத் தெரியாமல் போகிறவரை அறுத்துக்கொண்டே போக வேண்டும். ஐந்தாவது துண்டில்தான் சுத்தமான வெளிர்பச்சை வந்தது. மிஞ்சியது எலுமிச்சை அளவு. பத்து நாள் நிழலில் உலர்த்தி, காய்ந்த மணல்மேல் வைத்தேன். ஒரு மாதம் கழித்து மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடிமானம் இருந்தது.

அதிலிருந்து என் கலவை: பாதிக்குப் பாதி பட்டாணி அளவு உடைத்த செங்கல், மீதி மணலும் கொஞ்சம் மண்புழு உரமும். எம் சாண்ட் என்றால் அலசிவிட்டுப் போடுங்கள், அதன் தூள் இறுகிவிடும். கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர், மழைக்காலத்தில் நிறுத்தம்.

ஒருமுறை வெள்ளையாக மாவுப்பூச்சி வந்தது, பட்ஸில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கும்பெனி மருத்துவர் இதே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். கள்ளியை உறிஞ்சி வாழும் கொச்சினீல் பூச்சியை வளர்த்துச் சிவப்புச் சாயம் எடுக்கத்தான். அதுவும் மாவுப்பூச்சிக்குப் பங்காளிதான். என்னுடையதை நசுக்கினேன், சிவப்பெல்லாம் வரவில்லை.

மறுபடி வாங்குவேனா என்று கேட்டால், கள்ளி இன்னும் நாலு வாங்கிவிட்டேன். அறுத்துப் பிழைத்ததன் பக்கத்தில் மூன்று குட்டி வந்திருக்கிறது. தைலமரத்தை மாடியில் வைக்க நினைக்கிறவர்கள் முதலில் ஒரு மாதம் தினம் இரண்டு வாளி தண்ணீரை மேலே தூக்கிப் பாருங்கள். ஆவி பிடிக்க இலை வேண்டுமென்றால் மதுராந்தகம் போகிறபோது அத்தை ஒரு பை நிறையப் பறித்து வருகிறார்.