மூன்று வருடமாக வீட்டு ஆட்டுப்பால் சோப்பு: தேறியதும் தேறாததும்

கடையில் எனக்கென்று குளியல் சோப்பு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் அப்பாவைத் தவிர எல்லோரும் நான் போடும் ஆட்டுப்பால் சோப்புதான். அப்பா ஏன் தொடவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

நாங்கள் இருப்பது கோவில்பட்டிப் பக்கம். இங்கே அதிகம் கன்னி இன ஆடுதான், அது கறிக்கு வளர்ப்பது, பால் குட்டிக்கே சரியாகப் போய்விடும். அத்தை வீட்டில் ஒரு தலைச்சேரி ஆடு நிற்பதால் எனக்கு அவ்வப்போது அரை லிட்டர் கிடைக்கிறது. இதுவரை பதினாறு தடவை போட்டிருக்கிறேன், மூன்று வீண்.

முதல் தடவையே வீண். வீடியோவில் பார்த்தபடி பச்சைப்பாலில் காஸ்டிக் சோடாவைக் கொட்டினேன். இரண்டே நிமிடத்தில் பால் கொதிக்கிற சூடாகி, ஆரஞ்சாகி, பழுப்பாகி, அம்மோனியா நெடி வீடு முழுக்கப் பரவி, பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கே வந்து என்ன கருகுது என்று கேட்டுவிட்டார். சோடா கரையும்போது கிளம்பும் சூட்டில் பாலில் இருக்கும் சர்க்கரை கருகிவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். இப்போது பாலை ஐஸ் தட்டில் ஊற்றிக் கல்லாக உறைய வைத்துவிட்டு, எவர்சில்வர் குண்டாவில் அந்தக் கட்டிகளைப் போட்டு, சோடாவை ஒரு ஸ்பூன், கிளறல், இன்னொரு ஸ்பூன், கிளறல் என்று இருபது நிமிடம் இழுக்கிறேன். கட்டிகள் ஓரத்தில் உருகி, வெள்ளை மெதுவாக வெளிர் மஞ்சளாகும். அந்த மஞ்சளோடு நின்றால் பிழைத்தோம். அலுமினியப் பாத்திரம் மட்டும் கூடவே கூடாது, சோடா அதை அரித்துப் பொங்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் சோடா டப்பாவைத் திறக்காதீர்கள். மேலே தெறித்தால் வினிகர் தேடி ஓடாமல் குழாயைத் திறந்து கழுவிக்கொண்டே இருங்கள்.

என் அளவு இது: தேங்காய் எண்ணெய் 350 கிராம், ரேஷன் பாமாயில் 550, விளக்கெண்ணெய் 100, சோடா 147, பால் 300. எல்லாமே எடைதான், மில்லியில் அளந்தால் போச்சு. எண்ணெய் முழுவதையும் சோப்பாக்க 154 கிராம் சோடா பிடிக்கும். அதில் சுமார் 5 சதவீதம் குறைத்தால்தான் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சித் தோலைக் காயவிடாமல் வைக்கும். இரண்டாவதாக வீணானது இந்த எடையால்தான், தராசின் பேட்டரி இறங்கியிருந்தது எனக்குத் தெரியவில்லை. இறுகிய சோப்பை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன், சோடா மிஞ்சியதால் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்றது. அப்படியே குப்பைக்கு.

சோடா கரைத்த பாலை எண்ணெயோடு சேர்த்துப் பிளெண்டரில் அடித்துத் தோசை மாவுப் பதம் வந்ததும் அச்சில் ஊற்றி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைப்பேன், இல்லாவிட்டால் உள்ளுக்குள் சூடேறி நடுவில் கருத்துவிடும். அப்புறம் வெட்டி ஆறு வாரம் நிழலில் காய வேண்டும், 100 கிராம் கட்டி ஏறக்குறைய 88க்கு இறங்கும். அவசரப்பட்டு மூன்றாவது வாரமே எடுத்தால் நாலு நாளில் கொழகொழ. மூன்றாவது வீண் நல்லெண்ணெய் ஆசையால் வந்தது. பாமாயிலுக்குப் பதில் அதைப் போட்டேன், சோப்பு மெதுவாகத்தான் இறுகியது. ஐப்பசி மழை ஈரத்தில் மேலே ஆரஞ்சுப் புள்ளிகள் பூத்துச் சிக்கு வாடை. சீக்கிரம் கெடுகிற எண்ணெய்க்கு இதுதான் கதி.

சரி, தோலுக்கு என்ன ஆச்சு? மார்கழியில் கணுக்காலில் வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும் வறட்சி எனக்கு நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் அதற்கான புகழை ஆட்டுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஒரு தடவை இதே அளவில் வெறும் தண்ணீர் விட்டுப் போட்டேன், அதுவும் கிட்டத்தட்ட இதே சுகம்தான். சோப்பாகும்போது உண்டாகும் கிளிசரின் உள்ளேயே தங்குவதும், மிஞ்சிய எண்ணெயும்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பால் சேர்த்தால் நுரை கொஞ்சம் கிரீம் மாதிரி வருகிறது, அது உண்மை. பாலில் இருக்கும் லாக்டிக் அமிலம் தோலை உரித்துப் பளபளப்பாக்கும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள், அந்த அமிலத்தைச் சோடா அப்போதே முறித்துவிடும். சோப்பு அமிலமில்லை, காரமான பொருள், பிஎச் 9க்கு மேலேதான். அதனால் தலைக்குப் போடாதீர்கள். நான் போட்டு, ஒரு வாரம் முடி பிசுபிசுவென்று திரிந்தேன். படை, சொரியாசிஸ் உள்ளவர்கள் மருத்துவரிடம் போங்கள்.

செலவில் பெரிய லாபம் இல்லை, 2025ல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய பிறகு சுத்தமாக இல்லை. கிளிசரின் ஈரத்தை இழுப்பதால் மழைக்காலத்தில் கட்டி வியர்க்கும். தண்ணீர் தேங்கும் டப்பாவில் வைத்தால் கரைந்தே போகும், நான் கீழே தேங்காய் நார் போட்டிருக்கிறேன்.

அப்பா விஷயம் தண்ணீர்தான். எங்கள் போர் தண்ணீர் உப்பு, இந்தச் சோப்பு அதில் நுரைப்பதற்குள் பாதி பொறுமை போய்விடும், பக்கெட் விளிம்பில் வெள்ளையாய்த் திரி திரியாக ஒட்டும். அவருக்கு நுரை வந்தால்தான் குளித்த மாதிரி. மாடியிலிருந்து மழைத்தண்ணீர் பிடித்து வைத்த நாளில் மட்டும் அவரே வந்து, "உன் ஆட்டுச் சோப்பு ஒண்ணு குடு" என்பார். அன்றைக்கு நுரை பொங்கி வழியும்.