பில்பாவோ போகிறீர்களா? "ஆற்றுப் பாரம்பரிய டூர்" என்றால் கொஞ்சம் உஷார்

ஆளுக்கு 69 யூரோ, நானும் மனைவியும் சேர்த்து 138 யூரோ, எல்லாம் இலவசமாகப் பார்க்கக்கூடியதைப் பார்ப்பதற்காக.

ஸ்பெயினின் வடக்கே உள்ள பில்பாவோ, இரும்பும் கப்பலுமாகப் புகைந்துகொண்டிருந்த ஊர். ஆலைகளும் கப்பல் பட்டறையும் மூடி, 1997-ல் கூகன்ஹெய்ம் அருங்காட்சியகம் திறந்த பிறகுதான் உலகமே அங்கே படையெடுத்தது. எனக்குப் பழைய தொழிற்சாலைக் கதைகள் மேல் ஒரு கிறுக்கு. அதனால் "நெர்வியோன் ஆற்றில் படகு, கூகன்ஹெய்ம், விஸ்காயா பாலம், அரை நாளில்" என்று இணையத்தில் பார்த்ததும் விமர்சனம்கூடப் படிக்காமல் பணத்தைக் கட்டிவிட்டேன்.

வழிகாட்டி கூகன்ஹெய்ம் வாசலில் நிற்கும் பூச்செடிகளால் ஆன நாய்ச் சிலையையும் ஆற்றோரச் சிலந்திச் சிலையையும் காட்டினார், கட்டடத்தைப் போர்த்தியிருக்கும் டைட்டேனியத் தகடு பற்றி நாலு வரி சொன்னார். சரி, உள்ளே போகலாமா என்றால், டூரில் "வெளித்தோற்றம்" மட்டும்தானாம்! அந்த நாயும் சிலந்தியும் நிற்பது திறந்த வெளியில், நடுராத்திரி போனாலும் டிக்கெட் கேட்க ஆள் கிடையாது. அடுத்து படகு. தண்ணீர் மட்டம் சரியில்லை, இன்றைக்கு ஓடாது என்றார், அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேறொரு படகு ஆட்களோடு எங்களைத் தாண்டிப் போனது.

அப்புறம் மெட்ரோவில் பாலத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனான அரேட்டா வரை, அதுவும் எங்கள் பாரிக் கார்டில் (அந்த ஊர் பயண அட்டை), எங்கள் காசில்.

பாலத்தைக் குறை சொல்ல முடியாது. 1893-ல் கட்டியது, இந்த வகையில் உலகத்திலேயே முதல் பாலம். மேலே இரும்புச் சட்டம், அதிலிருந்து கம்பிகளில் தொங்கும் மேடை, கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றின் மேல் மெதுவாக மிதந்து போகும், கீழே கப்பல்கள் தடையில்லாமல் போகும். வாயைப் பிளந்து பார்த்தேன். ஆனால் கடக்க ஒரு யூரோகூட ஆகாது. மேலே உள்ள நடைபாதைக்குப் போகலாம் என்று விளம்பரத்தில் இருந்ததே என்றால், அதற்குத் தனி டிக்கெட், எங்கள் செலவு.

படகுக் காசையாவது திருப்பிக் கேட்டேன். "நீர்நிலையைப் பொறுத்து" என்று எங்கோ பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்களாம். ஸ்பெயினில் கடைக்காரர்கள் புகார்த் தாள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் தர வேண்டும். கேட்டதும் அந்த மனிதர் முகம் மாறி, ஆபீசில் இருக்கிறது என்று நழுவினார், ரசீதில் ஆபீஸ் முகவரியே இல்லை. பாஸ்க் அரசின் நுகர்வோர் அமைப்பான கொன்ட்சுமோபிடேவுக்கு விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதியிருக்கிறேன். நீங்கள் புக் செய்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை முதல் நாளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஊர் திரும்பிப் பார்த்தபோது "நடைபாதை" என்ற வார்த்தையையே விளம்பரத்திலிருந்து தூக்கிவிட்டார்கள்.