கோத்தகிரி ரொட்டிக் கடை: சம்பலுக்கு முழு மார்க், பால் டீக்கு இல்லை

கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகும் ரோட்டில் பலகைகூட இல்லாத தகரக் கூரைக் கடை. 'சிலோன் அக்கா கடை' என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். இலை லாரி ஓட்டும் எனக்குப் பாதி நாள் காலைச் சாப்பாடு இங்கேதான்.

சாப்பிட வேண்டியது தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும். மற்றதெல்லாம் சுமார். மைதாவில் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து, கையாலேயே தட்டிக் கல்லில் போடுகிறார்கள். ஓரம் லேசாகக் கருகி, நடுவில் மெத்தென்று இருக்கும். சம்பலில் காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, இடித்த மாசிக் கருவாடு, எல்லாம் அம்மியில். கடைசியில் எலுமிச்சை. "மிக்ஸியில போட்டா வெங்காயம் தண்ணி விட்டுரும் தம்பி" என்பார் அக்கா. உறைபனிக் காலத்தில் விடியற்காலை இதைத் தின்றால் காது வரைக்கும் சூடேறும்.

பால் டீ மட்டும் வேண்டாம். தேயிலைக் காட்டுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் காய்ச்சிக் கொல்வது பாவம். பால் சேர்க்காத சாயத் தண்ணி கேளுங்கள். கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டு தருவார்கள்.

கூட்டம் குறைவாக இருந்தால் அக்காவிடம் பேச்சுக் கொடுங்கள். இவர்கள் பூர்வீகம் துறையூர்ப் பக்கம். 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் கிளம்பிய குடும்பம். "மழை எல்லா ஊருக்கும்தான் பொய்ச்சுது. எங்க ஊர் ஆளு கண்டியில கங்காணி, அதனால நாங்க கண்டி. பக்கத்து ஊருக்குப் பினாங்குல ஆள் இருந்துச்சு, அவங்க அங்க போனாங்க" என்றார். கங்காணி என்றால் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்குபவன். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுப்பவனும் அவன்தான். அந்தக் கடனைக் கழிக்கவே வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும். கையில் காசும் இல்லாமல், அக்கரையில் தெரிந்த ஆளும் இல்லாதவன் பஞ்சத்தோடு ஊரிலேயே கிடந்தான்.

திரும்பி வந்த கதையும் அதேதான். 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் போட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை தரத்தான் 1968இல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டம், இப்போதைய டான்டீ, தொடங்கினார்கள். அக்கா குடும்பம் வந்தது எழுபதுகளின் நடுவில், இலங்கைத் தோட்டத்தில் ரேஷன் மாவுக்கே தவித்த சமயம். இவர்களுக்கு அரசாங்கம் வேலைக்கு எழுதிக்கொடுத்தது சமவெளியில் ஒரு நூற்பாலை. சித்தப்பா கோத்தகிரியில் இருந்தார். நூற்பாலையை விட்டுவிட்டு மலையேறிவிட்டார்கள். அரசாங்கம் எந்த ஊர் எழுதினால் என்ன, சொந்தக்காரன் இருக்கிற ஊர்தானே ஊர்?

இப்போது ரொட்டி தட்டுவது ஜார்க்கண்ட் பையன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதில் பாதிப் பேர் எஸ்டேட்டில் வேலை செய்யும் அவன் ஊர்க்காரர்கள். அவன் வீட்டில் மழையை நம்பி ஒரு போக நெல். 2022இல் மழை ஏமாற்றியது. அவர்கள் அரசே 226 ஒன்றியங்களை வறட்சிப் பகுதி என்று அறிவித்தது. சரி, அங்கிருந்து ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன். "மாமா இங்க இருந்தாங்க" என்றான். அவன் வந்தபின் தம்பி, தம்பியின் கூட்டாளி என்று ஒவ்வொருவராக இறங்கினார்கள். எஸ்டேட்டுக்கும் விளம்பரச் செலவு மிச்சம்.

வரிசையில் நிற்கும் சிலர் 'வடக்கன்' என்று முணுமுணுப்பதுண்டு. அக்கா காதில் விழுந்தால் ரொட்டி தாமதமாகத்தான் வரும். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். பச்சைத் தேயிலை விலை கட்டுப்படியாகாமல் எங்கள் ஊர்ப் பையன்கள் திருப்பூர் போகிறார்களே, அவர்கள் முதலில் போய் நிற்பதும் சிநேகிதன் ரூமில்தான்.

உண்மையான குறைகள் வேறு. கை கழுவும் இடத்தில் தண்ணீர் வருவது அதிர்ஷ்டம். தேங்காய் விலை ஏறியதிலிருந்து ரொட்டியில் பூ குறைந்திருக்கிறது; கேட்டால் அக்கா ஒப்புக்கொள்ள மாட்டார். மழைக்குத் தகரம் ஒழுகும், சுவர் ஓர பெஞ்சில் உட்காராதீர்கள்.

வண்டியை வளைவைத் தாண்டி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். ஜிபே உண்டு, சிக்னல் இல்லை, அதனால் சில்லறை வைத்திருங்கள். ஞாயிறு பத்து மணிக்கு மேல் போனால் சம்பல் மிஞ்சாது. ஐந்துக்கு நான்கு.