பழைய சுவருக்கு ஷேடு கலந்து தரும் முத்தியால்பேட்டைக் கடை

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டின் முன்சுவருக்கு 5 ஆண்டுகளுக்கு முன் கடுகு மஞ்சள் எமல்ஷன் பெயிண்ட் அடித்திருந்தோம். குழாய் பதிக்க உடைத்த இடத்தைப் பூசிய பின், எழுதி வைத்திருந்த அதே ஷேடு எண்ணைச் சொல்லி வேறொரு கடையில் பெயிண்ட் வாங்கி அடித்தபோது, அந்த இடம் மட்டும் ஒட்டுப்போட்ட துணியைப் போலப் பளிச்சென்று தெரிந்தது.

முத்தியால்பேட்டையில் நான் அடுத்துப் போன கடையில் ஷேடு எண்ணைக் கேட்கவே இல்லை. “ரெண்டு சில்லு பேத்து எடுத்துட்டு வாங்க சார், சன்ஷேடுக்கு அடியில ஒண்ணு, வெயில் படுற எடத்துல ஒண்ணு” என்றார் கடைக்காரர். கொண்டுபோய் மேசைமேல் வைத்தால், ஒன்று பழுத்த மாம்பழத் தோலின் நிறம், மற்றது மோர்க்குழம்பின் நிறம். இரண்டும் ஒரே நாளில் ஒரே பக்கெட்டிலிருந்து அடித்தவை!

பளிச்சென்ற மஞ்சளுக்காகச் சேர்க்கும் கரிம நிறமிகளில் பல, வெயிலின் புற ஊதாக் கதிரால் சிதைந்து வெளுத்துவிடும். அத்துடன் பெயிண்டைப் பிடித்து வைத்திருக்கும் பசையும் தளர்ந்து, தொட்டால் கையில் மாவாக ஒட்டும் நிலைக்குச் சுவர் வருவதால் நிறம் மேலும் மங்கும். எல்லோ ஆக்சைடு காவி மண்ணின் இனத்தைச் சேர்ந்த இரும்பு நிறமி என்பதால் வெயிலுக்கும் சுண்ணாம்புக்கும் அசையாது. ஆனால் அதை மட்டும் கொண்டு எலுமிச்சை மஞ்சளை எட்ட முடியாது.

கடையில் நிறம் கலக்கும் மிஷின் தந்த ஷேடு ஓரளவுதான் நெருங்கி வந்தது. பளிச்சை அடக்கக் கறுப்பு ஸ்டெய்னர் என்ற அடர்நிறக் குழம்பைச் சில சொட்டு விட்டார். மஞ்சளில் கறுப்பு விழுந்தால் பச்சை தட்டும், அதை ரெட் ஆக்சைடால் மீட்டார். ஈரத்தில் வெளிறித் தெரியும் எமல்ஷன் காய்ந்ததும் அடர்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் அட்டையில் தடவி, ஹேர் டிரையரால் உலர்த்தி, டியூப்லைட்டை நம்பாமல் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சில்லோடு ஒப்பிட்டார். ஐந்தாவது அட்டையில்தான் அவருக்கு நிறைவு ஏற்பட்டது. ஒரு லிட்டருக்கு இவ்வளவு பொறுமை காட்டியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பூசிய இடத்தை மட்டும் மூடாமல் தூணின் விளிம்பு வரை அடிக்க வேண்டும் என்றும், புதுப்பூச்சு 28 நாளாவது காய்ந்து அதன்மேல் பிரைமர் அடித்திருக்க வேண்டும், இல்லையேல் சிமென்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

குறை ஒன்று உண்டு. மிஷின் அளவைச் சீட்டில் எழுதித் தருகிறார்கள். கையால் விட்ட சொட்டுகளை எழுதுவதில்லை. பெயிண்ட் தீர்ந்துவிட்டால் அதே நிறம் மறுபடி கிடைப்பது அரிது. ஆகவே சற்றுக் கூடுதலாகவே வாங்குங்கள்.

ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. மாலையில் தெருவிளக்கு பக்கவாட்டில் விழும்போது பூச்சின் சொரசொரப்பு மட்டும் தெரிகிறது. பகலில் ஒட்டு எங்கே என்று நானே தேட வேண்டியிருக்கிறது.