அங்கீகாரச் சான்றிதழின் இணைப்புப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்

விமானப் பராமரிப்புப் பொறியாளர் பயிற்சியில் சேரப் பணம் கட்டத் தயாராக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் படித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டமிட்ட பார்ட் 147 அங்கீகாரச் சான்றிதழ் ஒன்று தொங்கியது. பார்ட் 147 என்பது விமானப் பராமரிப்புப் பயிற்சி நடத்தும் நிறுவனங்களுக்கான விதி. அது போலி அல்ல. போலியாக இருந்திருந்தால் விசாரித்தவர்கள் யாராவது அப்போதே பிடித்திருப்பார்கள். அந்த அங்கீகாரம் நிறுவனத்துக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை. எந்தப் பிரிவுக்கான பயிற்சியை எந்த முகவரியில் நடத்தலாம் என்பது சான்றிதழோடு வரும் இணைப்பில் இருக்கும். பி1.1 என்பது டர்பைன் இன்ஜின் விமானங்களுக்கு, பி1.2 பிஸ்டன் இன்ஜின் விமானங்களுக்கு, பி2 ஏவியானிக்ஸுக்கு, அதாவது விமானத்தின் மின்னணு அமைப்புகளுக்கு. அவர்களுக்கு அனுமதி இருந்தது பி1.2-க்கு மட்டும். எங்களிடம் கட்டணம் வசூலித்தது பி1.1-க்கு. இணைப்புப் பக்கம் எங்கே என்று கேட்டபோதெல்லாம் ‘தணிக்கைக்குப் போயிருக்கிறது’ என்றார்கள். கடைசிவரை அது திரும்பி வரவில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கக்கூடும். பராமரிப்புப் பொறியாளர் உரிமம் பற்றிய ஐரோப்பிய பார்ட் 66 விதியின்படி, அங்கீகரிக்கப்பட்ட அடிப்படைப் பயிற்சியை முடித்தவர் 2 ஆண்டு பணி அனுபவத்தோடு பி1.1 உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். தொழில்நுட்பப் பயிற்சி எதுவும் இல்லாதவருக்கு அது 5 ஆண்டு. எங்கள் படிப்பு அங்கீகாரத்துக்கு வெளியே நடந்ததால், நாங்கள் படிக்காதவர்களின் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பாடப் பிரிவுக்கும் நடக்கும் மாட்யூல் தேர்வுகளில் தேர்ச்சிக்கு 75 விழுக்காடு வேண்டும். நிறுவனம் தானே நடத்தித் தானே திருத்திய தேர்வுகளில் அதை எல்லோரும் அநாயாசமாகத் தாண்டினோம். அந்த மதிப்பெண்களை உரிமம் வழங்கும் அலுவலகம் கணக்கிலேயே எடுக்கவில்லை.

செய்து பழகிய வேலைகளைப் பதியும் லாக்புக் விவகாரம் இன்னும் மோசம். பி1.1 அடிப்படைப் பயிற்சி 2400 மணி நேரம். அதில் வகுப்பறைப் பாடம் 50 முதல் 60 விழுக்காடுதான், மற்றது கையால் செய்து பழக வேண்டிய வேலை. எங்கள் பணிமனையில் இருந்தது பறக்கும் தகுதி இழந்த ஒரு சிறிய பிஸ்டன் விமானம். லாக் வயர் முறுக்கவும் ரிவெட் அடிக்கவும் கற்றுக்கொண்டோம். சொல்லிக்கொடுத்த முதியவர் நல்ல மனிதர், அவர் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் டர்பைன் இன்ஜினை, துவாரம் வழியாக உள்ளே விட்டுப் பார்க்கும் போரோஸ்கோப் கருவி கொண்டு சோதித்ததாக எங்கள் லாக்புக்கில் ஒரு பதிவு இருந்தது, அதன் கீழ் ஒரு கையெழுத்தும் இருந்தது. அங்கே இன்ஜினும் இல்லை, போரோஸ்கோப்பும் இல்லை. நேர்முகத் தேர்வில் அந்தப் பக்கத்தைத் திறந்த பொறியாளர், கருவியை எந்தத் துவாரம் வழியாக உள்ளே விட்டாய் என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் லாக்புக்கை மூடிவிட்டார்.

வேலை உத்தரவாதம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வந்த வேலை பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்குவது. அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அதற்கு 2400 மணி நேரம் தேவையில்லை.

விளம்பரத்தையும் நிறுவனத்தார் காட்டும் நகலையும் நம்பாதீர்கள். இந்தியாவில் டிஜிசிஏ போல, ஒவ்வொரு நாட்டிலும் உரிமம் வழங்கும் அமைப்பு ஒன்று இருக்கும். நிறுவனத்தின் பெயர், முகவரி, பிரிவு மூன்றையும் குறிப்பிட்டு, அனுமதி இன்றைக்கும் செல்லுமா என்று அந்த அமைப்புக்கே எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். எங்களுடையதை மீட்க வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. கட்டணம் இன்னும் திரும்பவில்லை.

அதே நிறுவனம் இப்போது டைப் ரேட்டிங்கும், அதாவது குறிப்பிட்ட ஒரு விமான ரகத்துக்கான தகுதியும், சேர்த்துத் தருவதாக விளம்பரம் செய்கிறது. டைப் பயிற்சிக்கு அங்கீகாரம் தனி. அடிப்படை உரிமம் கையில் இல்லாத மாணவர் அந்த ரேட்டிங்கை எதில் பதிவு செய்துகொள்வார் என்று சேர்க்கை அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள்.