சுவாமிமலைச் சிலை சிங்கப்பூருக்கு: தபாலா, கூரியரா?

கையகல நடராசர், சுவாமிமலையில் வார்த்தது. சிங்கப்பூர் அக்காவுக்கு அனுப்பணும். கும்பகோணம் தலைமை அஞ்சலகத்தில் சர்வதேச ஸ்பீட் போஸ்ட் போட்டால் செலவு குறைவு. ஆனால் எல்லை தாண்டியதும் பொட்டலம் அந்த நாட்டுத் தபால் கைக்கு மாறிவிடும். தொலைந்தால் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு.

பெரிய தனியார் கூரியர் என்றால் சீக்கிரம் சேரும், விலைதான் கையைக் கடிக்கும். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். அந்தக் 'கன எடை' நிஜ எடையைத் தாண்டினால் அதற்குத்தான் பணம். சிலையைச் சுற்றிய சுடர்வட்டமான திருவாசி வளையக்கூடாதென்று பெட்டியைப் பெரிதாக்கினால், சரி, காற்றுக்கும் காசு!

எதில் போட்டாலும், தொன்மைப் பொருள் அல்ல என்ற தொல்லியல் துறைச் சான்று வாங்கிவிடுங்கள். 100 ஆண்டு கடந்த சிலையைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொன்மைப் பொருள் சட்டம் விடாது.

சிலைக்கு நான் கூரியர்தான். திருபுவனம் பட்டு என்றால் தபாலே போதும்.