நான்கறை வீடா, கொண்டோவா?

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அரசு வீட்டை விற்றுவிட்டு, கொண்டோ என்னும் தனியார் அடுக்குமாடி வீட்டுக்கு மாறலாமா என்று இரண்டு வருடமாகப் பேச்சு.

கொண்டோவில் நீச்சல் குளம், காவலாளி எல்லாம் உண்டு. நல்ல வசதிதான். ஆனால் பல கொண்டோக்களும் வீவக வீட்டைப் போல 99 ஆண்டுக் குத்தகைதான். இப்போதைய வீட்டை விற்றால், மத்திய சேமநிதியிலிருந்து, அதாவது சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பிலிருந்து, அந்த வீட்டுக்காக எடுத்ததை வட்டியோடு நம் சேமநிதிக் கணக்கில் திருப்பிப் போட வேண்டும். கையில் மிஞ்சுவது நினைத்ததைவிடக் குறைவு. அப்புறம் கார் ஆசையும் வரும். கார் வைத்திருக்க வாங்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழுக்கோ ஆயுள் 10 ஆண்டுதான்!

இங்கே புளோக்கின் கீழேயே காப்பிக்கடை. சந்தைக்கு நடந்தே போகலாம். நோன்புப் பெருநாளுக்கு எதிர்வீட்டு மலாய் அக்கா பலகாரம் தருவார். தீபாவளிக்கு எங்கள் முறுக்கு அங்கே போகும். எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது மாலை நேரம். ஆறரைக்கு வீடு வந்து, கீழ்த்தளத்தில் மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கொண்டோ கடனுக்காகக் கூடுதல் நேர வேலை எடுத்தால் அந்த மாலை போய்விடும். எந்த நீச்சல் குளமும் அதற்கு ஈடாகாது.

மனைவியும் சரி என்றாள். வீட்டு முகவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.